மாமி எழும்பும் வரை

ஒரு காரியம் ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது என்று கேட்கிறவளை எந்த வீட்டிலும் பிடிக்காது. பதில் தெரிந்தவர்களுக்குக் கோபம் வரும். தெரியாதவர்களுக்கு இன்னும் கோபம் வரும்.

எனக்கு அந்த வியாதி பிறவியிலேயே உண்டு. கட்டுகஸ்தோட்டையில் பஸ் நகராமல் நின்றால் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் ஜன்னலால் தலையை நீட்டி, நம்மை எது மறிக்கிறது, அதை எது மறிக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். (ஒருமுறை இறங்கியே போய்ப் பார்த்தேன். பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. காரணம் அன்றும் தெரியவில்லை.) "இவளுக்கு மூக்கு ஈக்கிற எடத்துல கேள்விக்குறிதான் ஈக்கிது" என்பார் உம்மா.

பேராதனையில் படிப்பை முடித்ததும், கண்டி நகரில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் இயங்கிய சின்ன மென்பொருள் கம்பனியில் வேலை கிடைத்தது. ஆறு மாதம் பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தரம். அலவத்துகொடையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வர வாப்பா சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஆறு மாசம் போங்க மகள். அவங்க வச்சிக்கொண்டா சந்தோஷம். இல்லாட்டி சாச்சாட கடையில கொம்பியூட்டர் ஈக்கிது, பில் அடிக்க ஆள்தான் இல்ல."

சாச்சா என்றால் வாப்பாவின் தம்பி. அக்குறணையில் ஆணி, பெயின்ட், தண்ணீர்க் குழாய் விற்கிறார். நான் வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே, அந்தக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்த கதிரைக்குப் புது உறை தைத்துப் போட்டுவிட்டார். என் திறமையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை!

ஐந்தாவது மாதம்தான் அந்தப் பெட்டி என் வாழ்க்கையில் குறுக்கிட்டது.

மாலைதீவுப் பக்கத்தில் ஒரு தீவு ஹோட்டல். அதன் ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி இணைய வழி கொடுக்கிற பெட்டியை எங்கள் கம்பனி செய்துகொடுத்திருந்தது. பார்க்க ஒரு இறாத்தல் பாண், அதாவது ஒரு முழு ரொட்டி, அளவுதான் இருக்கும். ஓன் பண்ணியதும் அது நூற்றுக்கணக்கான அறைகளுக்கு ஒவ்வொன்றாக வலையமைப்பை அமைக்க வேண்டும். அது அமைக்கிற வேகத்தில், கரண்ட் போய்வந்தால் கடைசி அறைக்காரருக்கு இணையம் கிடைக்க அரை மணித்தியாலம் ஆகும். அதற்குள் அவர் ஒரு முறைப்பாடு எழுதி, அதை அனுப்ப இணையம் இல்லாமல், நேரே கீழே இறங்கி வந்து கத்திவிடுவார். திங்கட்கிழமைக்குள் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் பெட்டியை எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஹோட்டல்காரர்கள் கெடு வைத்துவிட்டார்கள்.

"ஆர் பாக்கப் போறீங்கள்?" என்று கேட்டார் சிவா அண்ணா. யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் குழுவுக்குத் தலைவர். சத்தம் போடத் தெரியாத மனிதர். அவர் பேசாமல் இருந்தால்தான் எங்களுக்குப் பயம்.

கையைத் தூக்கியது நான்தான். அதோடு விட்டிருக்கலாம். "கர்னலையே புரொபைல் பண்ணிப் பாக்குறேன் அண்ணா" என்று எல்லோருக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னேன்.

"ஓம், பாரும். உம்மை நிரந்தரமாக்கிற கதையும் கிடக்கு. எல்லாம் திங்கள் முடியக் கதைப்பம்."

கர்னல் என்பது கணினியின் உள்வீட்டு நிர்வாகம். நம் கண்ணில் படுகிற எல்லாவற்றுக்கும் அடியில் இருந்துகொண்டு, யாருக்கு எவ்வளவு இடம், யார் முதலில், யார் பிறகு என்று தீர்மானிப்பது அதுதான். அதை புரொபைல் செய்வது என்றால், அதன் தோளைத் தட்டித் தட்டி "இப்ப என்ன செய்ற? இப்ப என்ன செய்ற?" என்று ஒரு செக்கனுக்குள் ஆயிரம் தடவை கேட்பது. வருகிற பதில்களைச் சேர்த்து ஒரு படமாக வரைந்தால் நேரம் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். இப்படி ஒரு கருவி இருக்கிறது என்று பல்கலைக்கழகத்தில் அறிந்த நாளில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தில் எங்கோ என்னைப்போல இன்னொரு தொல்லை பிடித்த பிறவி இருந்திருக்கிறது!

ஒஃபிஸில் சோதனைக்கு வைத்திருந்த அதே மாதிரிப் பெட்டியைத் தட்டித் தட்டிக் கேட்டேன். படம் வந்தது. பதில்களில் பெரும்பாலானவை "சும்மா இருக்கிறேன்" என்றுதான் இருந்தன.

சும்மா இருக்கிறவனிடம் என்ன விசாரணை? அந்தப் பதில்களையெல்லாம் படத்திலிருந்து மறைத்துவிட்டேன். (இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.) மறைத்ததும் மீதியில் ஒரு தடித்த கோடு பளிச்சென்று தெரிந்தது. புதிதாக ஒரு அறையைச் சேர்க்கும்போது, அதே பெயரில் வேறு அறை உண்டா என்று எல்லாப் பெயர்களையும் முதலிலிருந்து பார்க்கிற பகுதி அது. அகப்பட்டான் கள்வன் என்று பாய்ந்தேன். அந்த வாரம் முழுவதும் அந்தப் பகுதியை இடித்துப் புதிதாகக் கட்டினேன். மதியச் சோற்றைக்கூட மறந்து கட்டினேன். இன்று பார்த்தாலும் அழகான வேலைதான்.

வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூட்டி, படம் போட்டு, முன்னால் இப்படி, பின்னால் இப்படி என்று விளக்கினேன்.

"வடிவாத்தான் இருக்கு" என்றார் சிவா அண்ணா. "இப்ப பெட்டியை ஓன் பண்ணும்."

ஓன் பண்ணினேன். முழு ஒஃபிஸும் பிளேன்டீயோடு சுற்றி நின்றது. பிளேன்டீ முடிந்தது. கதை முடிந்தது. பிறகு யாரும் யாரையும் பார்க்காமல் நின்றோம். கடைசி அறைக்கு இணையம் வந்தபோது கணக்குப் பார்த்தால், அரை மணித்தியாலத்தில் இரண்டு செக்கன் குறைந்திருந்தது.

"ரெண்டு செக்கன்" என்றார் சிவா அண்ணா. அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாச்சாவின் கதிரை உறையின் நிறம் கண்முன் வந்து போனது. (பச்சை, மஞ்சள் பூப்போட்டது.)

மறுநாள் சனிக்கிழமை எங்கள் நானாவின், அதாவது என் அண்ணனின், வலீமா. மாப்பிள்ளை வீட்டில் வைக்கிற கல்யாண விருந்து. பெண்கள் பக்கச் சாப்பாட்டுக்கு நான்தான் பொறுப்பு. சாரி உடுத்தி, தலைக்கு முக்காடு குத்தி, தோளில் லெப்டொப் பையோடு அறையிலிருந்து வெளியே வந்தேன்.

"கல்யாண ஊட்ல இது என்னத்துக்கு?" என்றார் உம்மா.

"கர்னல் உம்மா. திங்களுக்குள்ள பாக்கணும்."

"அந்த மனிசனயும் சாப்பிட வரச் சொல்லுங்க. இப்ப போய் பாய விரிங்க."

எங்கள் விருந்தில் ஆளுக்கொரு தட்டு கிடையாது. ஒரு பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, மேலே கோழியும் இறைச்சியும், ஓரத்தில் அச்சாறும் அன்னாசியும் வைத்து, அதைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிடுவோம். அதற்குப் பெயர் சஹன். அதற்குச் சில சட்டங்கள் உண்டு. எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆகவே மீறவும் முடியாது. ஆறாவது ஆள் முடிக்கும்வரை மற்ற ஐந்து பேரும் எழும்பக் கூடாது. எழும்பினால், மெதுவாகச் சாப்பிடுகிறவர் வெட்கப்பட்டுப் பசியோடு கையை எடுத்துவிடுவார். எல்லோரும் எழும்பும்வரை சஹனைத் தூக்கவும் கூடாது.

முதல் பந்தி பெண்வீட்டாருக்கு. முன்ஹோலில் நீளமான வெள்ளை விரிப்பு, அதில் ஐந்து சஹன். முதலில் எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. பிறகு நின்றுவிட்டது.

குசினிப் பக்கம் போய்ப் பார்த்தேன். சமையல்காரர் சோற்றுக் கிடாரத்தின் மூடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சஹன் தூக்க நின்ற சாச்சாவின் மகள்மார் மூன்று பேரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் அடுத்த பந்திக்காரர்கள் பசியை மறைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல மூக்கை நீட்டினேன். இத்தனை பேர் இருக்கிறார்கள், சோறு இருக்கிறது, பசி இருக்கிறது, ஆனால் யாரைத் தட்டிக் கேட்டாலும் "சும்மா நிக்கிறேன்" என்றுதான் சொல்வார்கள். அப்படியானால் நேரம் எங்கே போகிறது?

ஹோலுக்குள் எட்டிப் பார்த்தேன். நான்கு சஹன் முடிந்து, ஐந்தாவதிலும் ஐந்து பேர் முடித்து, சோறு காய்ந்த விரல்களோடு மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மணப்பெண்ணின் பெரியம்மா, கம்பளை நஸீமா மாமி. ஒரு கோழிக்காலை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்து, எங்கே தொடங்குவது என்று யோசித்துச் சாப்பிடுகிற மனுசி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் யாரும் சும்மா இல்லை, காத்திருக்கிறார்கள்! வேலை செய்கிறவர்களை மட்டும் எண்ணினால் காத்திருப்பு கணக்கில் வராது. பெட்டி "சும்மா இருக்கிறேன்" என்று அரை மணித்தியாலமாகச் சொன்னதை நான் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத்தில் கள்வனைத் தேடியிருக்கிறேன்!

சாரியைத் தூக்கிக்கொண்டு மணப்பெண்ணின் அலங்கார அறைக்குள் ஓடினேன். பவுடர் டப்பாக்களை ஒதுக்கி லெப்டொப்பைத் திறந்து, போன் வழியாக ஒஃபிஸ் பெட்டியைப் பிடித்தேன். இந்தமுறை என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

உடனே பதில் வந்தது. ஒவ்வொரு அறையைச் சேர்க்கும்போதும் கர்னல் அறைகளின் பழைய அட்டவணைக்குப் பதிலாகப் புதியதை விரிக்கிறது. பழையதைத் தூக்குவதற்கு முன், அதை யாராவது இன்னும் வாசிக்கக்கூடும் என்று, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லோரும் முடித்திருப்பார்கள் என்று உறுதியாகும்வரை காத்திருக்கிறது. ஒரு தடவை என்றால் கண் சிமிட்டுகிற நேரம்கூடத் தேவையில்லை. ஆனால் அறைக்குப் பல தடவை, நூற்றுக்கணக்கான அறைகளுக்கு. எல்லாம் சேர்ந்துதான் அந்த அரை மணித்தியாலம்.

நிரலில் காத்திருக்கச் சொல்கிற வரி ஒன்றே ஒன்றுதான். அதை அழித்தேன். பெட்டியை நிறுத்தி மீண்டும் ஓன் பண்ணினேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, எல்லா அறைக்கும் இணையம்! "முடிச்சிட்டேன் அண்ணா" என்று சிவா அண்ணாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். கூடவே ஒரு பட்டாசுப் படமும் போட்டேன்.

ஹோலுக்குத் திரும்பி வந்தேன். ஒரு கர்னலைத் திருத்திவிட்டு வந்திருக்கிறேன், மாமி இன்னும் அதே கோழிக்காலில்தான் இருந்தார். அந்த நேரம் பக்கத்துச் சஹன்காரியின் பக்கம் முழுதாகத் திரும்பி, யாரோ ஒருவரின் மகளுக்கு வந்த மாப்பிள்ளையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். எனக்கோ அன்று உலகத்தில் உள்ள எல்லாக் காத்திருப்பையும் அழித்துவிடலாம் என்று ஒரு மிதப்பு.

"எல்லாம் முடிஞ்சி. எடுங்க, எடுங்க" என்றேன் சாச்சாவின் மகள்மாரிடம்.

எடுத்துவிட்டார்கள்.

மாமி கதையை முடித்து, முகத்தைத் திருப்பாமலே கையைச் சஹனுக்கு நீட்டினார். கை வெறும் விரிப்பில் பட்டது. கொஞ்சம் வலப்பக்கம் தடவியது. கொஞ்சம் இடப்பக்கம் தடவியது. பிறகு மாமி குனிந்து பார்த்தார்.

"மகள்," என்றார் மாமி என்னைப் பார்த்து, மிக மெதுவாக. "என்ட கோழி எங்க?"

அன்று மாலை விருந்தாளிகள் வீடு போய்ச் சேரும் முன்னரே, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுடைய பெரியம்மாவின் வாயிலிருந்து சோற்றைப் பறித்த செய்தி கம்பளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதற்கு முன், ஹோலிலேயே, உம்மா புயல்போல வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். (அதற்குத் தமிழில் வார்த்தை இல்லை.) பிறகு குரல் கொடுத்தார். "இனி ஒண்டையும் அவசரப்பட்டுத் தூக்க வேணாம்! சின்ன ஹோல்லயும் முத்தத்துலயும் புதுசா விரிங்க. மிச்சம் ஈக்கிற எல்லாரயும் ஒரேயடியா ஒக்கார வைங்க. இஞ்ச ஈக்கிறத இவங்க எழும்பின பொறகு எடுப்போம்."

மாமிக்குப் புதுச் சஹன் வந்தது. ஆனால் சஹனில் தனியாகச் சாப்பிட வைப்பது இன்னொரு அவமானம், ஆறு பேர் வேண்டும். உம்மா உட்கார்ந்தார், சாச்சாவின் மகள்மார் மூவரும் உட்கார்ந்தார்கள், ஆறாவதாக நான். எல்லோரும் காலையிலேயே குசினியில் வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள். மாமி புதுக் கோழிக்காலை எடுத்து, முதலில் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவர் முடிக்கும்வரை நாங்கள் மென்றோம். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவான நேரத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் ஏன் மெதுவு என்று கேட்க அன்று மட்டும் வாய் வரவில்லை.

இவ்வளவு நடந்த பிறகும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பதுதான் இந்தக் கதையின் அதிசயம். திங்கட்கிழமை காலையில் புதுச் சாரி உடுத்திக்கொண்டு ஒஃபிஸுக்குப் போனேன்.

பெரிய திரையில் தீவு ஹோட்டலின் பொறுப்பாளர் அம்மையார் தோன்றினார். பெட்டியை ஓன் பண்ணினோம். ஒரு நிமிடத்துக்குள் எல்லா அறையும் தயார். அவர் கைதட்டினார். எங்கள் ஆட்களும் கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்து பணிவு காட்டினேன்.

"நல்லது" என்றார் அம்மையார் ஆங்கிலத்தில். "இப்போது விருந்தாளிகள் நிறைந்திருப்பதுபோல இணையத்தை ஓடவிட்டு, புதிதாக ஒரு அறையைச் சேருங்கள், பார்ப்போம்."

சேர்த்தோம். பெட்டி செத்துவிட்டது. திரை முழுவதும் கர்னலின் கடைசிப் புலம்பல் வரிவரியாக ஓடியது. சிவா அண்ணா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைப் பொறுமையாக வாசித்தார்.

"ஒருத்தர் பழைய அட்டவணையை வாசிச்சுக்கொண்டு இருந்திருக்கிறார். அவர் முடிக்க முதல் ஆரோ அதைத் தூக்கிப்போட்டினம். அவர் திரும்பிக் கையை வச்சா அங்க ஒண்டும் இல்லை" என்றார்.

சனிக்கிழமை நான் சோதித்தபோது பெட்டியில் ஒரு விருந்தாளியும் இல்லை. வெறும் சஹனைத் தூக்கினால் யார் கேட்கப் போகிறார்கள்? இன்று ஆள் இருந்தது. விரிப்பைத் தடவுகிற அந்தக் கை என் கண்முன்னே வந்தது, வலப்பக்கம், இடப்பக்கம்... என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது, உரத்து, தமிழில்:

"என்ட கோழி எங்க!"

திரையில் இருந்த அம்மையார், நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டார். சிவா அண்ணா என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்கள் பொறியியலாளர் பிழையைக் கண்டுபிடித்துவிட்டார்" என்று மொழிபெயர்த்தார்.

வேறு வழியில்லாமல் சஹனையும் மாமியையும் விருந்தையும் என் அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. இருந்த வேலையும் போகப் போகிறது, அதையாவது கோழி இல்லாமல் இழந்திருக்கலாம். அம்மையார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைசியில், "அந்த மாமி கடைசியில் சாப்பிட்டாரா?" என்று கேட்டார். சாப்பிட்டார் என்றேன். "அப்படியானால் நாளைவரை தருகிறேன்" என்றார்.

அன்று பின்னேரம் பெட்டியின் முன்னால் இருந்து யோசித்தேன். மாமிக்குப் பிறகு எங்கள் வீட்டில் பந்தி ஏன் தடங்கவில்லை? உம்மா காத்திருப்பை ஒழிக்கவில்லை. அதை ஒரே ஒரு தடவையாக ஆக்கிவிட்டார். எல்லாவற்றையும் வேறிடத்தில் ஒன்றாக விரித்து, எல்லோரையும் ஒன்றாக உட்கார்த்தி, பழையதைக் கடைசியில் ஒருமுறை எடுத்தார். நானும் அழித்த வரியைத் திரும்பப் போட்டேன். அறைக்கொரு அட்டவணை என்பதை விட்டு, எல்லா அறைகளையும் ஒரே புது அட்டவணையில் சேர்த்து, ஒரே ஒரு தடவை காத்திருக்க வைத்தேன். பெட்டி ஒரு நிமிடத்துக்குள் எழும்பியது. நிறைந்த விருந்தாளிகளோடு அறையைச் சேர்த்தோம், கழற்றினோம். சாகவில்லை.

மறுநாள் அம்மையார் பார்த்து ஒத்துக்கொண்டார், என் வேலையும் நிரந்தரமானது. சாச்சா அந்தப் பச்சைக் கதிரையில் தானே உட்கார்ந்து பில் அடிக்கப் பழகிக்கொண்டார். காத்திருக்கச் சொல்கிற வரிக்கு மேலே, இனி யாரும் அதை அழித்துவிடாமல் இருக்க, சிவா அண்ணா தன் கையாலேயே தமிழில் ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தார்: 'மாமி எழும்பும் வரை தூக்காதே.' புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்தில் கேட்கிற கேள்வி, யார் இந்த மாமி என்பதுதான்.

வீட்டில் கதை வேறுமாதிரி நிலைத்துவிட்டது. எந்த விருந்திலும் சஹன் தூக்கும் முன், "ராத்தா, தூக்கலாமா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்று சாச்சாவின் மகள்மார், அக்கா முறையான என்னைப் பார்த்து, முழு ஹோலுக்கும் கேட்கக் கத்துவார்கள். நஸீமா மாமியோ நான் கண்ணில் பட்டால் போதும், வலக்கையால் சாப்பிட்டுக்கொண்டே இடக்கையால் சஹனின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

போன மாதம் நானாவின் பிள்ளைக்குப் பெயர் வைத்த விருந்தில் மாமியின் சஹனிலேயே எனக்கும் இடம் கிடைத்தது. துணிந்து சொல்லிவிட்டேன்.

"மாமி, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்டிக்குள்ள ஒங்களப் பத்தி எழுதி ஈக்கிது."

"என்னயப் பத்தியா? என்னண்டு?"

"மாமி எழும்புற வரைக்கும் தூக்காதேண்டு."

மாமி சாப்பிடுவதை நிறுத்தினார். "அப்ப நான் எழும்பாட்டி அந்தப் பெட்டி என்ன செய்யும்?"

"காத்துக்கொண்டே ஈக்கும் மாமி. அதுக்கு வேற வழி இல்ல."

மாமியின் முகத்தில் அப்படியொரு நிறைவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இடக்கையை விளிம்பிலிருந்து எடுக்காமலே வலக்கையை நீட்டினார்.

"அந்தக் கோழிக்கால இஞ்சால தள்ளுங்க மகள்" என்றார். "அந்தப் பெட்டி காத்துக்கொண்டே ஈக்கட்டும்."